75-ஐ 110 ஆக்க முடியுமா? டீசல் ஸ்விஃப்ட் ரீமேப் பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இது: 2014 ஸ்விஃப்ட் விடிஐ, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இருப்பது கோவையில், மாதம் ஓரிரு முறை குடும்பத்தோடு ஊட்டி. ஐந்து பேர் ஏறி ஏசி போட்டால் மலையில் வண்டி திணறுகிறது. ரீமேப் (இன்ஜின் கணினியில் எரிபொருள் அளவுகளைத் தீர்மானிக்கும் ‘மேப்’ என்ற மென்பொருளை மாற்றி எழுதுவது), காட்டன் ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மூன்றும் சேர்த்துப் போட்டால் 75 குதிரைத்திறன் 110 ஆகிவிடும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு டியூனர் சொல்கிறார். நம்பலாமா?

இதில் இரண்டு கேள்விகள் வெளியே தெரிகின்றன: அந்த 110 உண்மையா, இன்ஜின் தாங்குமா. மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படுவது குதிரைத்திறன்தானா? அதிலிருந்து தொடங்கினால் மற்ற இரண்டுக்கும் பதில் சுலபமாக வரும்.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (இன்ஜினின் சுழற்று விசை) சுற்று வேகத்தையும் பெருக்கி வரும் எண். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ், அதாவது குதிரைத்திறன், கிடைக்கும். உங்கள் இன்ஜினுக்குக் கம்பெனி தரும் கணக்கு 4,000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். அதாவது 2,000-இல் 190 வரும்போது கையில் இருப்பது 54 பிஎஸ். 4,000-க்குப் போகும்போது திறன் 75, ஆனால் டார்க் 132-ஆகச் சரிந்துவிட்டது. விளம்பரத்தில் சொல்லும் 75 என்பது நீங்கள் மலையில் ஒருபோதும் தொடாத இடத்தில் இருக்கிறது. பர்லியார் தாண்டி குன்னூர் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் இரண்டாவது கியரில் 1,300, 1,400 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடுகிறீர்கள். அங்கே டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கும் விசிறி) இன்னும் விழித்திருக்காது. வண்டி திணறுவது அந்த இடத்தில். 110 பிஎஸ் வந்தாலும் அது 4,000-க்குப் பக்கத்தில்தான் வரும். 1,300-இல் இருக்கும் பள்ளம் அப்படியே இருக்கும். அதற்கு மருந்து, வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவது. காசு செலவில்லாத ரீமேப் அது.

சரி, 110 சாத்தியமா என்று பார்ப்போம். டீசல் இன்ஜினில் திறன் கூட்டுவது பார்வைக்கு மிகச் சுலபம். ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் டீசலைக் கொஞ்சம் கூடுதலாகப் பீய்ச்சினால் போதும், டார்க் ஏறும். எரிய வேண்டிய காற்று இருக்கும்வரை. காற்று போதாவிட்டால் எரியாத பங்கு கரியாகி, கரும்புகையாக வெளியே வரும். எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறும். ஆகவே டீசல் இன்ஜினின் உண்மையான எல்லை டர்போ கொடுக்கும் காற்று. மென்பொருள் அந்தக் காற்றை எவ்வளவு நெருக்கமாகச் செலவழிப்பது என்று மட்டும்தான் தீர்மானிக்கிறது.

1,248 சிசியிலிருந்து 190 நியூட்டன் மீட்டர் எடுக்க, பிஸ்டன் மேல் சராசரியாக 19 பார் அழுத்தம் வேலை செய்ய வேண்டும். இதே ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோலில் 115 நியூட்டன் மீட்டருக்கு அது 12 பார்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே உங்கள் டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வாழ்கிறது. ரீமேப் செய்பவர்கள் இந்த இன்ஜினுக்கு வழக்கமாகச் சொல்லும் எண் 95 பிஎஸ்ஸை ஒட்டி, டார்க் 230-இலிருந்து 240 வரை. 240 என்றால் அந்தச் சராசரி 24 பாருக்குப் போகிறது, 26 சதவீதம் கூடுதல். எரிபொருளும் ஏறக்குறைய அவ்வளவே கூட வேண்டும், காற்றும் அவ்வளவே கூட வேண்டும்.

இந்த இடத்தில் கம்பெனிகள் என்ன செய்தன என்பது நல்ல சாட்சி. ஃபியட்டின் இந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின் இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் மூன்று கம்பெனி வண்டிகளிலும் ஓடியது. எர்டிகாவிலும் சியாஸிலும் இதையே 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றினார்கள். புன்டோவில் 93 பிஎஸ், 209 நியூட்டன் மீட்டர் வரை போனார்கள். மென்பொருளை மட்டும் மாற்றி அவர்கள் அதைச் செய்யவில்லை. உங்கள் வண்டியில் இருக்கும் சிறிய, நிலையான வடிவ டர்போவை எடுத்துவிட்டு, உள்ளே இதழ்கள் திரும்பும் பெரிய விஜிடி டர்போவைப் போட்டார்கள். அப்படியும் டார்க்கைப் பத்து இருபதுக்கு மேல் ஏற்றவில்லை. சொந்த இன்ஜினை, சொந்தச் சோதனைக் கூடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் பெரிய டர்போவோடு இந்தியாவில் 93-இல் நின்றார்கள். சிறிய டர்போவோடு 110 என்று ஒருவர் சொன்னால், அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தவறில்லை.

அந்த டியூனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த டர்போவின் வேஸ்ட்கேட் (கூடுதல் எக்ஸாஸ்ட்டை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) ஈசியூ என்ற இன்ஜின் கணினி சொல்படி திறக்கிறதா, இல்லை வெறும் காற்றழுத்தக் கேனிஸ்டரும் ஸ்பிரிங்குமாகத் தானே திறக்கிறதா? வண்டிக்கு அடியில் பார்த்துச் சொல்லலாம். ஈசியூ கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வு இல்லாமல், டர்போவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நேரே கேனிஸ்டருக்குப் போனால், மென்பொருளால் பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, தொடவே முடியாது. அப்போது ரீமேப் என்பது இருக்கும் காற்றில் கூடுதல் டீசல் ஊற்றுவது மட்டும்தான். கம்பெனி விட்டுவைத்திருக்கும் உபரிக் காற்றில் கொஞ்சத்தைத் தின்னலாம், அதற்கு மேல் புகைதான். இதற்குப் பதில் தெரியாமல் 110 சொல்பவர், லேப்டாப்பில் இறக்கிய ஃபைலை ஏற்றிக்கொடுப்பவர். டியூனர் அல்ல.

உங்களுக்கு முக்கியமானது ஊட்டி. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டி, சுமார் 0.77 பார். உதாரணத்துக்கு, முழு மிதியில் இன்ஜினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 2.2 பார் என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் டர்போ காற்றை 2.2 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் அதே 2.2 பாருக்கு 2.9 மடங்கு அமுக்க வேண்டும். ரீமேப்புக்குப் பின் 2.8 பார் தேவை என்றால் ஊட்டியில் அது 3.6 மடங்கு. இவ்வளவு சிறிய டர்போவால் ஆகாத வேலை அது. முயன்றால் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடும் தண்டு தன் எல்லையைக் கடக்கும். முயலாவிட்டால் காற்று குறையும். கம்பெனி மேப்பில் இதற்காகவே ஓர் அட்டவணை இருக்கிறது. வெளிக்காற்று மெலிய மெலிய எரிபொருளையும் குறைக்கும். மலிவான ரீமேப்புகளில் முதலில் கை வைக்கப்படுவது இந்தப் புகை எல்லை அட்டவணைதான். கோவையில் டைனோவில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டித் திறன் அளக்கும் கருவி) சுத்தமாக ஓடிய வண்டி ஊட்டியை ஒட்டிய லவ்டேல் பக்கம் கரும்புகை கக்குவதன் காரணம் இது. புகை வெளியே தெரியும் தொல்லை. தெரியாதது டர்போவுக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் வெப்பம். இந்த அளவு டீசல்களில் அது 750 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிமிடக்கணக்கில் நின்றால் டர்பைன், மேனிஃபோல்ட், பிஸ்டன் தலை எல்லாம் அதை உணரும். சமவெளியில் ஓவர்டேக் எடுக்கும் எட்டுப் பத்து விநாடிக்கு அது பெரிய விஷயம் இல்லை. மலையில் முக்கால் மணி நேரம் பாரம், ஏசி, குறைந்த வேகம், ரேடியேட்டருக்குப் போதாத காற்று எல்லாம் ஒன்றாக வரும். கம்பெனி விட்டுவைத்த இடைவெளி இந்த மாதிரி நாளுக்காக. ரீமேப் அதைத்தான் எடுத்து உங்களுக்கே விற்கிறது.

ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் அதிகம் எழுத வேண்டியதில்லை. சுத்தமான கம்பெனி பேப்பர் ஃபில்டர் தடுப்பது காற்றழுத்தத்தில் ஓரிரு சதவீதம். டர்போ வண்டியில் அந்த ஓரிரு சதவீதத்தையும் டர்போ பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் சற்றுக் கூடிப்போனால் அது ஏர் ஃப்ளோ சென்சரின் மெல்லிய தகட்டில் படியும். சென்சர் காற்றைத் தப்பாகக் கணக்கிடும், எரிபொருள் கணக்கும் கூடவே போகும். பழைய ஃபில்டர் அடைத்திருந்தால் புதிய பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாயில் அதே வேலையைச் செய்யும். சைலன்சரைப் பொறுத்தவரை, டர்போ வண்டியில் உண்மையான தடை முன்பக்கம், டர்போவை ஒட்டிய குழாயிலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது. கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்டத்துக்கு எதிர். பின்பக்க டப்பாவை மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம். சத்தம் கூடினால் வேகம் கூடினதாகத் தோன்றுவது மனித இயல்பு, அதைக் குறை சொல்ல முடியாது.

ரீமேப்புக்குப் பதில் டியூனிங் பாக்ஸ் போடச் சொல்பவர்களும் உண்டு. ஒயரிங்கில் செருகும் சின்னப் பெட்டி, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. அது செய்வது ஒரு பொய் சொல்வது. காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயர் அழுத்தக் குழாய்) உண்மையில் இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ நம்பி அழுத்தத்தை ஏற்றும். அதே நேரத்தில் இன்ஜெக்டர் வழியே கூடுதல் டீசல் போகும். ஆனால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் மூன்றும் எந்த அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஈசியூ காவல் காக்கிறதோ, அந்தக் காவலுக்குத் தெரியாமலேயே தாண்டிவிடுகின்றன. இன்ஜெக்டர் விலை தெரிந்தவர் இதைத் தொடமாட்டார். பட்டியலில் எனக்கு மிகவும் பிடிக்காதது இந்தப் பெட்டிதான்.

கூடவே வரும் ஒரு வாக்குறுதி மைலேஜ். ரீமேப்புக்குப் பின் டிஸ்ப்ளேயில் 20 காட்டியது 23 காட்டுகிறது என்பார்கள். வண்டி டீசலை அளந்து பார்த்து அந்த எண்ணைக் காட்டுவதில்லை. இன்ஜெக்டருக்குத் தான் இட்ட கட்டளையிலிருந்து கணக்குப் போடுகிறது. அந்தக் கட்டளைக்கும் உண்மையில் போன டீசலுக்கும் உள்ள தொடர்பை மாற்றிவிட்டால் டிஸ்ப்ளே நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி, குறைந்தது மூன்று டேங்க் ஓட்டிக் கணக்குப் பாருங்கள். நிதானமாக ஓட்டுபவர்களுக்குக் கீழ் ஆர்பிஎம்மிலேயே மேல் கியருக்குப் போக முடிவதால் சிறிது லாபம் இருக்கலாம். புதிய பிக்கப்பை அனுபவிக்கிறவர்களுக்கு நஷ்டம்தான்.

இனி எது முதலில் போகும் என்பது. 92,000 கிலோமீட்டரில் கிளட்ச் இன்னும் பழையதே என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக அதுதான். கம்பெனி டார்க்கையே தாங்கத் தேய்ந்துகொண்டிருக்கும் பிளேட், 25 சதவீதம் கூடினால் வழுக்கும். இன்றே சோதித்துப் பார்க்கலாம்: காலியான, லேசான ஏற்றமுள்ள சாலையில் நான்காவது கியரில் 1,700 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்து ஆக்சிலரேட்டரை முழுதும் மிதியுங்கள். ஸ்பீடோமீட்டர் மெல்ல ஏற, ஆர்பிஎம் முள் மட்டும் 2,000 பக்கத்தில் ஒரு தாவல் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வருமுன்பே தெரியும் அடையாளம் அது. கிளட்சுக்கு அடுத்து டர்போவும் இன்ஜெக்டர்களும். இந்த இன்ஜினின் பேர்போன பலவீனம் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி). ரீமேப் செய்த வண்டியில் செயின் போனால் பழி ரீமேப் மேல் விழும். முழு நியாயம் அல்ல. செயினின் முதல் எதிரி, தள்ளிப்போட்ட ஆயில் மாற்றமும் டிப்ஸ்டிக்கில் குறைந்துகிடக்கும் ஆயிலும். ஆனால் கரி கூடினால் ஆயில் சீக்கிரம் கெடும், அந்த வகையில் ரீமேப்புக்கும் பங்கு உண்டு. செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது இந்த இன்ஜினுக்கு நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி கரகரவென்று சத்தம் வந்தால் ரீமேப்பை மறந்துவிட்டுச் செயினைப் பாருங்கள்.

டைனோ சீட்டில் வரும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். உருளையில் அளப்பது சக்கரத்துக்கு வரும் திறன். கியர்பாக்ஸிலும் டயரிலும் போவதைக் கூட்டி இன்ஜின் திறனாகக் காட்டுவது சாஃப்ட்வேர். அந்த இழப்பை 15 சதவீதம் என்று வைப்பதா 22 என்று வைப்பதா என்பது கடைக்காரர் கையில். ஆகவே தனி எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே கியர், ஒரே டயர் காற்று, முதலில் ஸ்டாக்கில் (கம்பெனி மேப்பில்) மூன்று ஓட்டம், பிறகு மேப் ஏற்றி மூன்று ஓட்டம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே பேசும். மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட வெகுவாகக் குறைந்தால், சூடேறியதும் திறன் போய்விடுகிறது என்று பொருள். மலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த மூன்றாவது எண்.

சட்டம் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்சியில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ரோட்டில் நிறுத்தி யாரும் ஈசியூவைப் படிப்பதில்லை என்பது உண்மைதான். சைலன்சர்தான் கண்ணிலும் காதிலும் படும். புகைச் சோதனையில் பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) டீசலுக்கு எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் கருமையை அளப்பது), அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. புகை எல்லையைத் தளர்த்திய மேப் அங்கே மாட்டும். பெரிய பண ஆபத்து இன்சூரன்ஸ். அறிவிக்காத மாற்றத்தைச் சர்வேயர் கண்டுபிடித்தால் க்ளெய்ம் தகராறாகும்; அறிவிக்கப்போனால் 52-ஆம் பிரிவு எதிரே நிற்கும். இந்த முடிச்சை அவிழ்க்க நேர்வழி கிடையாது.

பிரேக்கையும் மறக்க வேண்டாம். 80-இலிருந்து நிறுத்துவதைவிட 100-இலிருந்து நிறுத்த 56 சதவீதம் கூடுதல் ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். உங்கள் விடிஐயில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 165 அகல டயர். ஏறும்போது கிடைக்கும் உற்சாகத்துக்கு விலை இறங்கும்போது. டாப் ஸ்பீடு ஆசை இருந்தால் அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை: காற்றுத் தடைக்கு எதிரான திறன் வேகத்தின் கன அளவில் கூடுவதால், திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் வேகம் பத்து சதவீதம்தான் ஏறும். வேகமே வேண்டுமென்றால் கோவையிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொன்னால்: இந்த டர்போவில் 110 நீடித்துக் கிடைக்காது என்பது உறுதி. சமவெளியில் பதினைந்து பிஎஸ்ஸும் முப்பது நியூட்டன் மீட்டரும் கூடுவது சாத்தியம் என்பதும், அது காலில் நன்றாகத் தெரியும் என்பதும் உறுதி. ஆயுள் எவ்வளவு குறையும் என்பதுதான் யாராலும் எண்ணால் சொல்ல முடியாதது. ரீமேப்போடு பல்லாண்டு ஓடும் வண்டிகளும் உண்டு, மாதங்களில் டர்போ போனவையும் உண்டு. இன்ஜெக்டர் நிலை, ஆயில் பழக்கம், எவ்வளவு நேரம் முழு மிதி என்பவைதான் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவரும் ‘இன்ஜின் வெடிக்கும்’ என்று சொல்பவரும் ஊகிக்கிறார்கள்.

முதலில் வண்டி தன் 75-ஐயாவது கொடுக்கிறதா என்று பாருங்கள். 92,000 ஓடிய டீசலில் சில குதிரைகள் காணாமல் போயிருக்கலாம். ஸ்கேனர் மாட்டி, மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து 4,000 வரை முழு மிதியில் ஒருவர் ஓட்ட இன்னொருவர் பதிவு செய்யட்டும்: ரெயில் அழுத்தம் கேட்டதும் கிடைத்ததும், உறிஞ்சு குழாய் அழுத்தம், காற்றின் அளவு. ஐட்லிங்கில் நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவு. ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகினால் அதன் ரிட்டர்ன் அளவை (பீய்ச்சாமல் டேங்குக்குத் திரும்பும் டீசல்) சோதியுங்கள். டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களில் எண்ணெய்க் கசிவோடு வெடிப்பு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், அடிப்பக்கம்தான் கிழியும். ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட்டில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) கரியால் பாதி திறந்தே நின்றால் கீழ் ஆர்பிஎம் இழுவை செத்துப்போகும். கழற்றிச் சுத்தம் செய்தால் ஒரு பிற்பகல் வேலை. உங்கள் மலைத் திணறலில் கணிசமான பங்கு இங்கேயே தீர வாய்ப்பிருக்கிறது.

இதெல்லாம் சரியாகி, கிளட்சும் மாற்றி, சட்டச் சிக்கல் தெரிந்தே இன்னும் வேண்டும் என்றால், டியூனரிடம் இப்படிக் கேளுங்கள். டார்க் 220-க்கு மேல் வேண்டாம். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே ஸ்டாக்கில் இருப்பதே இருக்கட்டும், ஏனென்றால் குறைந்த சுற்றில் திடீர் டார்க்தான் கனெக்டிங் ராடை வளைக்கும், கிளட்சை வழுக்க வைக்கும். புகை எல்லையிலும், உயரத்துக்கான திருத்தத்திலும், கூலன்ட் சூடானால் திறனைக் குறைக்கும் பாதுகாப்பிலும் கை வைக்கக் கூடாது. ரெயில் அழுத்த உச்சவரம்பு அப்படியே. உங்கள் ஈசியூவிலிருந்து படித்த ஒரிஜினல் ஃபைல் ஒரு பென் டிரைவில் உங்கள் கைக்கு வர வேண்டும், வேலை தொடங்கும் முன்பே. அதைக் கொடுக்கத் தயங்குகிற கடையில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.